திரையும் குறையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டோம். “எங்க ஏரியாவை வெச்சுத்தான் எடுக்கறாங்களாம், எங்களுக்கே எங்க ஏரியான்னு தெரியல” என்பது பொதுப் புலம்பல்.

கேள்வி: வடசென்னைக் கதை என்றாலே தெருமுனையில் ஒரு கேரம் போர்டு வந்துவிடுகிறது. ஹீரோ கடைசியாக ரெட்டைப் போட்டதும் ஊரே கைதட்டுகிறது. எங்கள் தெருப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். ரொம்ப நுணுக்கம் பார்க்கிறோமா?
– புது வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: பையன்கள் சிரித்தது நியாயம். ‘ரெட் அண்ட் ஃபாலோ’ என்று நண்டு சிண்டெல்லாம் சொல்லுமே, அதுதான் விதி. ரெட் விழுந்தால் அடுத்த அடியில் சொந்தக் காய் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் ரெட் நடுவட்டத்துக்கே திரும்பிவிடும். ரெட்டும் கடைசிக் காயும் ஒரே அடியில் விழுந்தால் ஒப்புக்கொள்ளலாம். ரெட் மட்டும் விழுந்து ஆட்டம் முடிவது எந்த ஹீரோவுக்கும் கிடையாது.

இன்னொன்று, போட்டி ஆட்டம் 25 பாயின்ட். எதிராளிக்கு ஒரு காய்கூட விழாமல் ஒரு போர்டை, அதாவது ஒரு சுற்றை முடித்தாலும் அவருக்கு மீந்த காய்க்கு ஒன்றாக 9, ரெட்டுக்கு 3, மொத்தம் 12தான். இரண்டு போர்டு அப்படி அடித்தாலும் 24. மூன்றாவது போர்டுக்கு உட்காராமல் தீராது. படத்தில் ஒரே போர்டில் கோப்பை கைமாறுகிறது. தெருவில் பந்தயம் கட்டி ஒரு போர்டு ஆடுவது உண்டுதான், ஆனால் அதற்கு யாரும் மேடை போடுவதில்லை.

பவுடர் விஷயமும் அப்படித்தான். கேமராவுக்கு வெள்ளைப் புகை வேண்டும் என்று டப்பாவையே கவிழ்க்கிறார்கள். ஆடத் தெரிந்தவர் ஒரு சிட்டிகை தூவித் தேய்த்துவிடுவார், ஏனென்றால் பவுடர் திட்டாக நின்றால் காய் வழி மாறும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. அந்த எடைக்கு ‘டக்’ என்றுதான் சத்தம் வரும், படத்தில் போடுகிற துப்பாக்கிச் சத்தம் வராது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்கள் புது வண்ணாரப்பேட்டைக்காரர்தானே. கேட்டுத் தெரிந்துகொள்ள யூனிட் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு சீரியலில் மே மாதம் நடக்கும் கதை. அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கிளம்புகிறார். சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. மகள் கரையில் நின்று அழுகிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அழுகை வரவில்லை.
– காசிமேடு வாசகி

பதில்: எப்படி வரும்? நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அதில் எழும், சாய்வது நம் முதுகுக்குப் பின்னால் பெரம்பூர் பக்கம். இந்தத் தப்பு நுழைய இரண்டு வழி உண்டு. விடியற்காலையில் எடுத்த ஷாட்டில் ஆரஞ்சு ஏற்றிச் சாயங்காலமாக்குவது ஒன்று, கேரளக் கரையில் எடுத்ததைக் காசிமேடு என்று ஒட்டுவது இன்னொன்று. எந்த வழி என்று படகே சொல்லிவிடும். தமிழ்நாட்டுப் படகுக்குப் பச்சை. கேரள விசைப்படகுக்கு உடம்பு நீலம், மேலே படகோட்டும் அறையான வீல் ஹவுஸ் ஆரஞ்சு. படத்தை நிறுத்திப் பதிவு எண்ணைப் படித்தால் ‘டி.என்.’னா ‘கே.எல்.’லா என்பதும் தெரியும்.

மே மாதம் என்பது அதைவிடப் பெரிய ஓட்டை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நகராது. ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையோரமாகப் போய் வரும். அப்பாவை ஃபைபரில் ஏற்றியிருந்தாலே கதை தப்பித்திருக்கும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்ற வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், கிழிந்த வலையைச் சரிசெய்ய வேண்டும். வருமானம் நின்றுபோன மாதத்தில் இத்தனைக்கும் பணம் புரட்ட வேண்டும். அழுவதற்கு அந்த வீட்டில் காரணமா இல்லை?

கேள்வி: வியாசர்பாடி ஆட்டோக்காரர் கதையில் வண்டி நம்பர் டி.என். 10. ஏன்?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: 10 விருகம்பாக்கம் பக்கத்து நம்பர். சீரியல் ஷூட்டிங் வீடுகள் சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் என்று அந்தப் பக்கம்தான். காலையில் வாடகைக்குப் பிடித்த ஆட்டோ அப்படியே நடிக்கவும் செய்துவிடுகிறது. “செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுப்பா” என்று ஒரு வசனம் வைத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம்.

கேள்வி: தியேட்டரில் பாதி வசனம் புரியவில்லை. ஓ.டி.டி.யில் வந்ததும் வீட்டில் போட்டால் அதைவிட மோசம். பாட்டு முழங்குகிறது, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. டிவி பழுதா?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: டிவி நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் காரணம் வேறு வேறு.

தியேட்டர் சவுண்ட் புராசஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-ல் நிற்கும் என்ற கணக்கில்தான் படத்தை மிக்ஸ் செய்கிறார்கள். “காது கிழியுது” என்று நாலு பேர் சொன்னதும் ஆபரேட்டர் அதை 5-க்கு இறக்கிவிடுவார். பறை அடித்தால் அப்போதும் கேட்கும், முணுமுணுத்துப் பேசுவது அமுங்கிப்போகும். வசனம் வருவது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. சுவரோரச் சீட்டில் உட்கார்ந்தால் சரவுண்ட் ஸ்பீக்கர்தான் காதை அடைக்கும். டிக்கெட் போடும்போது குறுக்கே நடுவாகவும், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னாலும் இருக்கிற சீட்டாகப் பாருங்கள்.

வீட்டில் நடப்பது வேறு. 5.1 ஆடியோவில் பேச்சுக்கென்று நடுவில் தனி வழி உண்டு. உங்கள் டிவிக்கோ இரண்டே ஸ்பீக்கர். முதலில் படம் ஓடும்போதே ஆடியோ மெனுவைத் திறந்து, ‘தமிழ் 5.1’ தவிர வெறும் ‘தமிழ்’ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வெளியே சவுண்ட்பாரோ ஸ்பீக்கரோ மாட்டியிருந்தால் டிவி செட்டிங்ஸில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை ‘பி.சி.எம்.’ என்று வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் செட்டுக்குள் 5.1 நேராகப் போய் நடுவழி மட்டும் காணாமல் போவதுதான் இந்தக் கிணற்றுக் குரலுக்கு முக்கியக் காரணம். அப்புறம் சவுண்ட் மோடில் ‘மூவி’யை எடுத்துவிட்டு ‘கிளியர் வாய்ஸ்’ போடுங்கள், ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ ஆஃப். இத்தனையும் செய்து புரியவில்லை என்றால் நடிகர் பேசியதே அவ்வளவுதான், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘இன்னாபா’ என்று சொல்லிவிட்டால் மெட்ராஸ் பாஷை ஆகிவிடுமா?
– ராயபுரம் வாசகி

பதில்: ஆகாது. அதற்கும் இலக்கணம் இருக்கிறது. நான் கீறேன், நீ கீற, அவன் கீறான், அவங்க கீறாங்க, அது கீது. வெளியூர் நடிகர் ‘கீது’ ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு “எங்கண்ணன் வீட்ல கீது” என்கிறார். அண்ணனை அஃறிணையாக்கிவிட்டு அடுத்த காட்சியில் அவருக்காக உயிரைக் கொடுக்கிறார்! ‘கொண்டு’ என்பது ‘கினு’ ஆகும்: வந்துகினு, இஸ்துகினு. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் ‘வந்துக்கிட்டு’ என்றால் ஆள் மதுரைப் பக்கம் போய்விட்டார் என்று அர்த்தம். பாட்டியும் காலேஜ் பேரனும் ஒரே மாதிரி பேசுவதும் பொய். பேரன் வீட்டில் ஒரு பேச்சு, ஆபீஸில் ஒரு பேச்சு வைத்திருப்பான். அந்த மாறுதலைக் காட்டினால் வசனமே இல்லாமல் ஆள் யாரென்று புரிந்துவிடும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை டிவி படத்தில் பேசுகிறவர் இருக்கிறார், கேட்கிறவரைக் காணோம். ஏன்?
– எண்ணூர் வாசகர்

பதில்: வெட்டிவிட்டார்கள். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படத்தின் ஃபிரேம் உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலம், உங்கள் டிவி 1.78 மடங்கு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டால் முழுப்படமும் வரும். பட்டை பிடிக்காத சேனல் படத்தை ஊதித் திரையை நிரப்பும்போது அகலத்தில் கால்வாசி போய்விடும். ரிமோட்டில் ‘ஜூம்’ விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லையென்றால் உங்களால் ஆவது ஒன்றுமில்லை.

கேள்வி: சீரியலில் வருகிற மோசமான காட்சி பற்றி எங்கே புகார் சொல்வது?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 2021-ல் வந்த கேபிள் டிவி விதித் திருத்தப்படி 24 மணி நேரத்துக்குள் ‘புகார் வந்தது’ என்று ஒப்புகை தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. சேனல், தொடர், தேதி, நேரம், காட்சியில் என்ன நடந்தது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். “மனசு நொந்துபோச்சு” என்று மட்டும் எழுதினால் நகராது. விளம்பரத்துக்கும் விதி உண்டு: மணிக்கு 12 நிமிடம், அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். கடிகாரம் வைத்துக் குறித்து அனுப்புங்கள். கதை இழுவை என்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் புகார் இல்லை.

கேள்வி: மாமியார் ஏன் மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறார்?
– கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: கூடத்தில் ஆறு பேர், ஆளுக்கு மூன்று தடவை, தடவைக்கு மூன்று விநாடி. 54 விநாடி ஆயிற்று, கிட்டத்தட்ட ஒரு பக்க வசனம் எழுதுகிற வேலை மிச்சம். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போனாலும் இருபது நிமிடத்துக்கு மேல் நிரப்பியாக வேண்டும், அதுவும் வாரம் ஆறு நாள். சனிக்கிழமை “நீயா?” என்று நிறுத்தினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை முன்கதையில் அதே முகத்தை மறுபடி போடுவார்கள்.