எந்த ஆணி?

அன்புள்ள ஐயா,

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் நாக்பூரில். அப்பாவுக்கு ரயில்வே வேலை. வீட்டில் தமிழ்தான். பாட்டி புண்ணியத்தில் எழுதப் படிக்கவும் தெரியும். போன வருஷம் வேலை கிடைத்துச் சென்னை வந்தேன். முதல் வாரம், இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்த ரிப்போர்ட்டை டீம் லீடரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "நீ புடுங்குனது பூரா தேவையில்லாத ஆணி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. "எந்த ஆணி சார்?" என்று கேட்டேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் கவனித்தேன். இவர்கள் பேச்சில் பத்துக்கு மூன்று வாக்கியம் ஏதாவது படத்திலிருந்து வருகிறது. நான் எல்லோரும் சிரித்தபிறகு சிரிக்கப் பழகிவிட்டேன். சொந்தமாகச் சொல்ல வார்த்தை இல்லாததால்தான் இப்படிக் கடன் வாங்குகிறார்களா? இந்தக் கூட்டத்தில் சேர நான் இந்தப் படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் டீம் லீடர் சொன்னது சினிமா வசனம்தான். ஆனால் சொன்ன நேரத்தில் அவர் சினிமாவை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி. அரண்மனைக்குப் பெயின்ட் அடிக்க ஆட்களோடு வந்து படாத பாடு படுவார். ஆணி அங்கே பிடுங்கப்பட்டதுதான். (இது 1999இல் சித்திக் மலையாளத்தில் எடுத்த படத்தை அவரே தமிழில் எடுத்தது. அங்கே அந்த கான்ட்ராக்டர் ஜகதி ஸ்ரீகுமார். நாம் சொந்தம் கொண்டாடுகிற ஆணி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.) பிறகு மென்பொருள் கம்பெனிகளில் இருந்தபடி இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் "இந்த வாரம் ஆணி அதிகம்" என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆணி என்றால் ஆபீஸ் வேலை. முதலில் முழு வசனம், அப்புறம் பாதி, கடைசியில் ஒரே ஒரு சொல். படத்தைப் பார்க்காதவர்களும் இன்று அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். 'சீன் போடாதே', 'படம் காட்டாதே' என்பதெல்லாம் எப்போதோ இப்படிப் பேச்சில் கலந்தவைதானே.

சொந்த வார்த்தை இல்லாமல் கடன் வாங்குகிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் பாட்டி "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சொல்லியிருப்பார். வார்த்தைக்குப் பஞ்சம் வந்தா சொன்னார்? அதிலும் பாதி நேரம் "ஆடத் தெரியாதவ..." என்று இழுத்து நிறுத்தியிருப்பார். மீதியைக் கேட்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மீதி தெரிந்தவர்தான் வீட்டு ஆள்.

படங்களைப் பார்த்தே ஆக வேண்டுமா என்று கேட்டீர்களே, என் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கோயில் கொடை என்றால் சவுண்டு சர்வீஸ்காரர் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, பாட்டு அலுத்த நேரத்தில் வசன கேசட் போடுவார். பெரும்பாலும் 'திருவிளையாடல்'. 1984க்குப் பிறகு 'விதி'யும் சேர்ந்துகொண்டது. தருமியின் புலம்பல் முழுவதையும் நான் எட்டு வயதில் ஒப்பிப்பேன். படத்தைக் கண்ணால் பார்த்தது பதினைந்து வயதில், பக்கத்து வீட்டு டிவியில். நாகேஷ் அந்த ஒல்லி உடம்பை வளைத்து நெளித்து வந்து நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் காதுக்குள் இருந்த தருமி நல்ல குண்டு ஆள்.

இன்னொன்று. அந்த கேசட்டில் ஓரிடத்தில் டேப் சிக்கி, வெட்டி ஒட்டியிருந்தார்கள். அங்கே இரண்டு வார்த்தை காணாமல் போயிருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த இரண்டு வார்த்தை இல்லாமல்தான் தருமி பேசுவோம். அது குறை என்றே எங்களுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நான் பேசிக்காட்டியபோது ஒருவன், "நடுவுல என்னத்தையோ முழுங்கிட்டடா" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன்தான் எதையோ கூடுதலாகச் சேர்க்கிறான் என்று சண்டை போட்டேன்.

இந்தப் பாஷையைப் படம் பார்த்துக் கற்றவர்கள் குறைவு. பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக் கற்றதுதான். 2019 மே மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு கட்டடப் பொறியியல் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் சுத்தியல் என்று பெயரைச் சொன்னதோடு நிற்காமல், அரண்மனையில் இது விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் அடிபட்டது என்றும் சேர்த்தார். உடனே இன்னொருவர், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஒரே நாளில் நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. யார் இந்த நேசமணி என்று வெளியாட்கள் திகைத்துப்போய் விசாரித்தார்கள். நம்மவர்கள் அது சினிமா என்று உடைத்துச் சொல்லாமல், நிலைமை கவலைக்கிடம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த வெளியாட்கள் நின்ற இடத்தில்தான் உங்கள் ஆபீஸில் நீங்கள் நின்றீர்கள்.

நாம் இப்படிக் கடன் வாங்குவது பெரும்பாலும் அடி வாங்குகிறவனிடம்தான் என்பதையும் பாருங்கள். கதாநாயகனின் பஞ்ச் வசனத்தை எந்த குமாஸ்தாவும் மேனேஜரிடம் சொல்ல முடியாது. ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்ன மாதிரி என்று 'பாட்ஷா' பாணியில் வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது. அதைக் கேலியாகத்தான் சொல்ல முடியும். வடிவேலுவின் புலம்பலை யார் வேண்டுமானாலும், தன்னைப் பற்றியே, எந்த நேரத்திலும் சொல்லிக்கொள்ளலாம். 'வின்னர்' படத்துக் கைப்புள்ளையின் வருத்தப்படாத வாலிபர் சங்கம் பத்து வருஷம் கழித்து, 2013இல், வேறொரு படத்துக்கே பெயராகிவிட்டது.

என் நண்பன் ஒருவனுக்கு வேலை போயிருந்தது. டீக்கடையில் நாலைந்து பேர் நிற்கிறோம். எப்படிடா இருக்கே என்று யாரோ கேட்டார்கள். "நானும் எவ்வளவு நேரந்தான் வலிக்காத மாதிரியே நடிக்கிறது" என்று அதே இழுவையோடு சொன்னான். வடிவேலு குரல் அப்படியே வந்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, கேட்ட கேள்விக்கு அவன் உண்மையான பதிலைச் சொல்லியிருக்கிறான் என்று. சொந்த வார்த்தையில் அதை அவனால் எங்களிடம் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தால் எங்களாலும் அங்கே நின்றிருக்க முடியாது.

எரிச்சலூட்டுகிறவர்களும் உண்டு. எதைக் கேட்டாலும் வசனம், துக்க வீட்டிலும் வசனம். இன்னொரு பக்கம் 'உலக சினிமா'க்காரர்கள். நம்முடையது வேறு கிரகத்தில் எடுக்கப்பட்டது போல ஒரு பெயர்! அவர்களுக்கும் 'லாங் டேக்', 'பிரேமிங்' என்று தனி அகராதி இருக்கிறது, அங்கேயும் எல்லோரும் தலையாட்டிய பிறகு தலையாட்டுகிற ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். நானே இருந்திருக்கிறேன்.

பார்த்தே தீருவேன் என்றால் 'பிரண்ட்ஸ்' மட்டும் பாருங்கள். அதிலும் முழுப் படம் வேண்டாம், அரண்மனைக் காட்சிகள் போதும். மற்றவை கேண்டீனில் தானாக வந்துசேரும்.

ஒன்றை மட்டும் விசாரித்து எழுதுங்கள். நீங்கள் கேட்ட "எந்த ஆணி சார்?" இந்நேரம் உங்கள் ஆபீஸில் வசனமாகியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் இல்லாத நேரத்தில், மேனேஜர் புது வேலை ஏதாவது கொண்டுவரும்போது, யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.