தனியாக நிலாவெளிக்குப் போய்ச் சுழியோடப் பழகலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 26, வங்கியில் வேலை, கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவர். ஒரு பாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கிழக்குக் கரைக்குப் போய் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு சுழியோடுவது, பழக ஆசை. லீவு ஓகஸ்டில் எடுக்கலாம், இல்லாவிட்டால் டிசம்பரில். பழகி முடிந்த கையோடு நுவரெலியாவுக்கும் ஏறி வர யோசனை. யாழ்ப்பாணத்திலேயே பழக ஏலாதா, தனியாகப் போவது பயமில்லையா, எதைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்வது என்று கேட்கிறார்.

போங்கள் தங்கச்சி. ஆனால் ஓகஸ்டில் போங்கள். நல்லூரில் கொடி ஏறும் காலம் நிலாவெளிக் கடலுக்கும் நல்ல காலம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்று கிளம்பும் என்பதால் படகுகள் விடிய வெள்ளனவே போய்விடும். டிசம்பரில் வாடைக்காற்று, கிழக்குக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும், அப்போது ஹிக்கடுவ, உணவட்டுன பக்கம்தான் சரிவரும்.

யாழ்ப்பாணக் கடல் பழகத் தோதில்லை. பாக்குநீரிணை ஆழம் குறைந்தது, அடி சேறும் மணலும், கொஞ்சம் காற்று வீசினாலே கலங்கிவிடும். நீட்டிய கை தெரியாத தண்ணீரில் புதிதாக ஒருவரை இறக்கிக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் போகும் முன் கசூரினாக் கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்க்கும் ஸ்நோர்க்கல் குழாயும் போட்டு, முகத்தை நீருக்குள் வைத்து வாயால் மூச்சு விட நாலு நாள் பழகிவிட்டுப் போனால் முதல் நாள் படபடப்பில் பாதி குறையும்.

தனியாகப் போவதைப் பற்றி. பஸ்ஸில் தனியாகப் போகலாம், வவுனியாவில் மாறி ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, அங்கிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவுதான். தனியாக அறை எடுக்கலாம், தனியாகச் சாப்பிடலாம். தண்ணீருக்குள் மட்டும் ஒருவரும் தனியாகப் போவதில்லை, ஜோடி போட்டுத்தான் இறங்குவோம், உங்கள் காற்று நின்றால் அவருடைய இரண்டாவது ரெகுலேட்டரில்தான் (வாயில் கவ்வி மூச்சு விடும் கருவி) நீங்கள் மூச்சு விடவேண்டும். கூட்டாளியோடு வருகிறவருக்கு அந்த ஜோடி ஏற்கெனவே இருக்கும். தனியாக வருகிற உங்களுக்கு, அன்று காலை படகில் முதல்முறை பார்க்கும் ஒருவர்தான் ஜோடி. ஆகவே ஆளை எடைபோடுவதும், மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் "இன்றைக்கு நான் இறங்கவில்லை" என்று சொல்லத் துணிவதும்தான் நீங்கள் பழகவேண்டிய முதல் பாடம். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். காசு கட்டியாச்சு, எல்லாரும் காத்திருக்கிறார்கள், எப்படி மறுப்பது என்று பேசாமல் இறங்கிவிடுகிறார்கள்.

போன வருடம் என்னிடம் சுழியோடப் பழக வந்த ஒரு பிள்ளைக்குத் தடிமன். எனக்குச் சொல்லவில்லை. நாலு மீற்றரில் கண்ணைச் சுருக்கினார், கையால் "ஓகே" காட்டினார், மறுபடி கண்ணைச் சுருக்கினார். மேலே கூட்டிக்கொண்டு வந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கிலிருந்து இரத்தம். பத்து மீற்றர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது, காதின் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அதைச் சமப்படுத்த வேண்டும், வலி வந்த பிறகு இல்லை, தலை தண்ணீருக்குள் போன உடனே தொடங்கி ஒவ்வொரு மீற்றருக்கும். தடிமன் என்றால் அந்த வழி அடைத்திருக்கும், அன்று கரைதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு கிழமையில் சரியாகிவிட்டது, ஆனால் செவிப்பறை கிழிந்திருக்கவும் கூடும்.

சரி, இடத்தைத் தெரிவு செய்வது. முதல் நாளே காசு கட்டாதீர்கள். பின்னேரம் சாமான்களைக் கழுவிக் காயப்போடும் நேரம் போய் நின்று பாருங்கள். உப்பில்லாத நல்ல தண்ணீரில் கழுவுகிறார்களா, மணலோடு குவித்து வைக்கிறார்களா என்பதே பாதிக் கதை சொல்லும். பிறகு கேளுங்கள்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் (நாலுக்கு மேல் என்றால் நான் யோசிப்பேன்), படகில் அவசர ஒட்சிசன் இருக்கிறதா, பாடம் தமிழில் நடக்குமா. மூன்றாவதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். உயிர் காக்கிற விஷயத்தை அரைகுறையாக விளங்கிக்கொண்டு தலையாட்டக் கூடாது. ஒட்சிசனைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிலிண்டர் பூட்டியதும் நீங்களே பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. முதுகில் இருப்பது வெறும் காற்றுத்தான், ஒட்சிசன் இல்லை, வழக்கமாக 200 பார் அழுத்தத்துக்கு அடைத்திருப்பார்கள். வாயில் வைக்கும் முன் மணந்து பாருங்கள், எண்ணெய் மணமோ புகை மணமோ வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். பிறகு அழுத்தமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நாலு தரம் ஆழமாக மூச்சை இழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே விழுந்து திரும்ப ஏறினால் வால்வை முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம், மேலே காற்று வரும், ஆழத்தில் போதாது.

தொடக்கப் பயிற்சி மூன்று, நாலு நாள், கடலில் நாலு தரம் இறங்குவீர்கள், 18 மீற்றர்தான் எல்லை. 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள், கேணியில் நீந்திய உங்களுக்கு அது கஷ்டமில்லை. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் செட்டை நுனி கறுத்த சுறாக்களைப் பார்ப்பீர்கள், அவை உங்களைக் கண்டு விலகிப் போகும், பயப்படவேண்டாம். அது தேசியப் பூங்கா, முருகைக் கல்லில் கை வைக்கவோ கால் ஊன்றவோ கூடாது. கோணேசர் கோயில் மலையடியில், போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் எச்சங்கள் கிடக்கும் இடத்தில் இறங்குவதைக் கொஞ்சம் அனுபவம் வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைக் காட்டுகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள், அது 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது.

நுவரெலியா விஷயத்தில்தான் எனக்குக் கவலை. ஆழத்தில் நாம் இழுக்கும் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும், மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும், அவசரப்பட்டால் சோடாப் போத்தல் மூடியைச் சடாரென்று திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் குருநகரிலிருந்து கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு போனவர், ஒரே நாளில் ஐந்து ஆறு தரம் இறங்கி ஏறியவர். ஒரு நாள் கரைக்கு வந்து வள்ளத்தை விட்டு இறங்கும்போது கால் இரண்டும் மரத்துவிட்டன. இன்றைக்கும் ஊன்றுகோல்தான். அவருக்கு ஒருவரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மலைக்குப் போனாலும் இதே கதை, உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். கடைசி முறை இறங்கியபின் குறைந்தது 18 மணித்தியாலம் போகாமல் மலை ஏறவோ பலாலியில் பிளேன் ஏறவோ வேண்டாம். நான் ஒரு முழு நாளை நிலாவெளியில் சும்மா இருக்கச் சொல்வேன். அந்த நேரத்தில் மூட்டு வலி, விறைப்பு, காரணமில்லாத களைப்பு வந்தால் படுத்து உறங்கிப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே ஆசிரியரைக் கூப்பிடுங்கள், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், சுழியோடினேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.

பாக்கில் அதிகம் வேண்டாம். நீளக்கை ரீசேட், லெகிங்ஸ், துவாய், குடிக்கத் தண்ணீர்ப் போத்தல். நீச்சல் உடை போடத்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, மேலே வெட்சூட் என்ற இறுக்கமான சுழியோடும் உடுப்பு வரும், வெயிலுக்கும் நீளக்கையே நல்லது. அம்மாவுக்குத் தங்கும் இடம், படகு போகும் நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் தினம் வட்ஸ்அப்பில் போடுங்கள், அதே விவரம் தங்குமிடத்திலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். பயணக் காப்புறுதி எடுத்தால் ஸ்கூபாவுக்கும் செல்லுமா என்று கேட்டு எடுங்கள், பலதில் செல்லாது.

அப்புறம், பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். இழுப்பு (ஆஸ்மா), வலிப்பு, இருதய வருத்தம், காதில் செய்த சத்திரசிகிச்சை எல்லாம் கேட்டிருக்கும். குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு "ஆம்" என்றால் டொக்டரின் கையெழுத்து இல்லாமல் இறக்கமாட்டார்கள். மறைக்காதீர்கள். படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி வாங்கி, யாழ்ப்பாணத்திலேயே உங்கள் டொக்டரிடம் காட்டிக் கையெழுத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.