வளர்ச்சிக் காரணி ஊசியால் ஆண்மை வளருமா?

திருப்பூர், பின்னலாடைத் தொழிலாளி: ஸ்டீம் அயர்னிங் மேசையில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். விந்தணு குறையுமா?

குறையலாம். விரைகள் உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். தளர்ந்த பருத்தி உள்ளாடை அணியுங்கள், அவ்வப்போது வெளிக்காற்றில் நில்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதியுங்கள். ஒரு விந்தணு முதிர ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: மஞ்சள் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்குமாமே?

ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் தடுக்கும். குழம்பில் போடும் மஞ்சள் உடலில் அவ்வளவாகச் சேர்வதே இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பெருந்துறை: இடப்பக்க வேரிகோசீல் (விரைப்பைச் சிரைகளின் புடைப்பு). விந்துப் பரிசோதனை அறிக்கை இணைத்துள்ளேன். ரத்தக்குழாய்களை வளரச் செய்யும் காரணியான வி.இ.ஜி.எஃப். அளவும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். அந்த எண்ணை வைத்து யாரும் அறுவை சிகிச்சை முடிவு செய்வதில்லை. நீங்கள் அனுப்பியது ஒரே அறிக்கை, அதிலும் விந்து வெளியேற்றாமல் எத்தனை நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தீர்கள் என்ற கட்டம் காலி. எத்தனை முறை எழுதுவது? இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி, இரண்டு பரிசோதனை. பிறகு எழுதுங்கள்.

கோவை: 'வளர்ச்சிக் காரணி' ஊசி ஆறு போட்டால் விந்தணுவும் விறைப்பும் கூடும் என்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துத் திரும்ப ஏற்றும் பி.ஆர்.பி. ஊசிதான் அது. தட்டணுக்களில் வி.இ.ஜி.எஃப். இருப்பது உண்மை. விரையின் லேடிக், செர்டோலி செல்களும் அதைச் சுரக்கின்றன. அதற்காகக் கூடக்கூட நல்லது என்றாகிவிடுமா? 1983-இல் இதை முதலில் கண்டபோது ரத்தக்குழாயைக் கசியவைக்கும் பொருள் என்றுதான் பெயரிட்டார்கள். விரையில் இது அளவுக்கு மீறிச் சுரக்குமாறு மரபணு மாற்றிய எலிகள் மலடாகிப் போயின. 'வளர்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

போன மாதம் ஒருவர் மஞ்சள் பையில் காகிதக் கட்டோடு வந்தார். மேசையில் பரப்பிப் பார்த்தேன். நான்கு ஊசிக்கான ரசீதுகள் இருந்தன, விந்துப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. சர்க்கரை பார்த்ததும் இல்லை. பார்த்தோம், முந்நூறைத் தாண்டியிருந்தது. விறைப்புக் குறைவு பல நேரம் இதயக் கோளாறுக்குச் சில ஆண்டு முன்பே தலைகாட்டும், ஏனெனில் ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை. அந்த எச்சரிக்கையை ஊசியில் மறைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பாருங்கள். புகையை விடுங்கள்.

பொள்ளாச்சி: ஜிம்மில் டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டால் விந்தணு கூடுமா?

கூடாது. உற்பத்தியே நின்றுவிடலாம், திரும்ப மாதக் கணக்காகும். குழந்தை வேண்டுமென்றால் இனி ஒன்றும் போடாதீர்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.