கோயில் இல்லாம, டெல்டா பக்கம் குடும்பத்தோட ஒரு நாள் கார்ல எங்க போகலாம்?

"கோயில் வேணாம், பீச் வேணாம், காலைல கெளம்பி ராத்திரி வீடு வந்து சேரணும், பசங்களுக்கும் பெருசுங்களுக்கும் ஒத்து வரணும்"னு கேட்டிருக்கீங்க. நான் சொல்றது திருச்சி ஜங்ஷன் பக்கத்துல இருக்குற ரயில் மியூசியம். 2014ல தெறந்தது. ஆனா ஒரு கண்டிஷன், ரயில்வேல வேல பாத்த பெருசு யாராவது உங்க சொந்தத்துல இருந்தா கையோட கூட்டிட்டு போங்க, இல்லன்னா முக்கா மணி நேரத்துல சுத்தி முடிச்சுட்டு "இவ்ளோதானா"ன்னு வெளிய வந்துடுவீங்க.

நாங்க போனது பொங்கல் லீவுல, திருவாரூர்லருந்து. நான், வீட்டம்மா, எட்டாவது படிக்கிற பையன், மூணாவது படிக்கிற பொண்ணு, அப்புறம் எங்க பெரியப்பா. அவரு மீட்டர் கேஜ் காலத்துல பாயிண்ட்ஸ்மேனா, அதாவது ஸ்டேஷன்ல வண்டிய லைன் மாத்தி விடுற ஆளா இருந்து ரிட்டையர் ஆனவரு. "நான் பாக்காத ரயிலாடா, அத காசு குடுத்து வேற பாக்கணுமாக்கும்"னு வரவே மாட்டேன்னாரு. பொண்ணு போய் வேட்டி நுனிய புடிச்சு இழுத்த பொறவுதான் செருப்ப மாட்டுனாரு.

காலைல ஏழு மணிக்கு புளி சாதம், உருளக்கெழங்கு வறுவல் எல்லாம் கட்டிகிட்டு கெளம்பி நேரா நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல போய் நின்னோம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இத வெளக்கவே வேணாம். நெல்லு ஏத்துற கூட்ஸ் முன்ன போகுது, பின்ன வருது, கேட்டு மட்டும் தெறக்கல, வேர்க்கடலக்காரரு ரெண்டு ரவுண்டு வந்துட்டு போயிட்டாரு. நான் தலையில அடிச்சுக்குறேன், பெரியப்பா மட்டும் கதவ தெறந்துகிட்டு எறங்கி நின்னு "கப்ளிங் மாட்டுறான் பாரு, இப்ப விட்டுடுவான்"னு, பெட்டியோட பெட்டிய கொக்கி மாட்டி சேக்குறதுக்கு வர்ணனை சொல்லிட்டு இருக்காரு.

அந்த கேட்டுல ஓடுற லைனு, கொரடாச்சேரி, கோவில்வெண்ணி, சாலியமங்கலம்னு கிட்டத்தட்ட நம்ம கார் ரோட்ட ஒட்டியே தஞ்சாவூருக்கு வருதுல்ல, அது தமிழ்நாட்டோட ரொம்ப பழைய லைன்கள்ல ஒண்ணுன்னு மியூசியத்துல போய்தான் எனக்கு உறைச்சுது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு வெள்ளக்கார கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்துலருந்து தஞ்சாவூருக்கு 1861லயும் அடுத்த வருஷம் திருச்சிக்கும் போட்டது. இதுல கூத்து என்னன்னா முதல்ல போட்டதே பிராட் கேஜ்தான், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1676 மில்லிமீட்டர். அப்புறம் 1875ல அத சுருக்கி 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ் ஆக்கிட்டாங்க. நம்ம காலத்துல "பிராட் கேஜ் வருது, பிராட் கேஜ் வருது"ன்னு வருஷக்கணக்கா ரயில் இல்லாம பஸ்ல தொங்குனோமே, அது பழையபடி ஆக்குறதுக்குத்தான்.

பெரியப்பா வேல பாத்த திருத்துறைப்பூண்டி லைனுக்கு வேற கதை. அது வெள்ளக்கார கம்பெனி காசுல வந்ததில்ல, தஞ்சாவூர் ஜில்லா போர்டே காசு போட்டு 1894ல மாயவரத்துலருந்து முத்துப்பேட்டை வரைக்கும் போட்ட லைனு. ஒரு ஜில்லா போர்டு சொந்தமா ரயில் விட்டிருக்கு, இப்ப தெரு லைட்டு போடவே நாலு மனு குடுக்கணும். சரி விடுங்க.

உள்ள பழைய கடிகாரம், மணி, விளக்கு, பீங்கான் தட்டு, போட்டோ எல்லாம் இருக்கு, அதெல்லாம் பராக்கு பாத்துகிட்டே வந்துடலாம். பெரியப்பா நின்ன எடம் ஒண்ணே ஒண்ணு, டோக்கன் மெஷின். செவப்பு பெயிண்ட் அடிச்ச இரும்பு பொட்டி, பாத்தா ஏதோ பழைய எடை மெஷின் மாதிரி இருக்கும், நான் தனியா போயிருந்தா தாண்டி போயிருப்பேன்.

அது எதுக்குன்னா, ஒத்த லைன்ல எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வந்துடக் கூடாதுல்ல, அதனால ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு பொட்டி, கரண்ட் ஒயர்ல ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும். இந்த ஸ்டேஷன்ல ஒரு இரும்பு பந்து வெளிய எடுத்தாச்சுன்னா, அந்தப் பந்து ரெண்டுல ஏதாவது ஒரு பொட்டிக்குள்ள திரும்பப் போற வரைக்கும் ரெண்டுலயும் அடுத்த பந்து வராது. பந்து கையில இல்லாம டிரைவர் வண்டிய எடுக்க முடியாது. பந்த தோல் பையில போட்டு, பைய பெரிய பிரம்பு வளையத்துல கட்டி, ஓடுற வண்டியில இருக்குறவரு கைய நுழைச்சு வாங்குற மாதிரி பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் புடிச்சுட்டு நிப்பாரு, அவங்க பழைய வளையத்த பிளாட்பாரத்துல வீசிட்டு போவாங்க.

பையன் கேட்டான், "ஏன் தாத்தா, போன் பண்ணி சொல்லிட்டா போதாதா?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல ஒருத்தன் வண்டி வந்துட்டுன்னு சொல்லிட்டா? பந்து பொட்டிக்குள்ள விழுந்தாதான்டா வண்டி வந்துட்டு."

அப்புறம் சொன்னாரு பாருங்க, எங்க யாருக்கும் அதுவரைக்கும் தெரியாத கதை. ஐப்பசி மழை, விடியக்காலம், கம்பன் எக்ஸ்பிரஸ் அவரு ஸ்டேஷன்ல நிக்காம போகுது, வீசுன வளையம் பிளாட்பார ஓரத்துல பட்டு துள்ளி பக்கத்து வாய்க்கால்ல விழுந்துட்டு. ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்குற லூப் லைன்ல ஒரு பாசஞ்சர் வேற நிக்குது, இந்தப் பந்து பொட்டிக்குள்ள போனாதான் அது அந்தப் பக்கம் கெளம்பும். வாய்க்கால் பூரா நெய்வேலி காட்டாமணக்கு. கைவிளக்க எடுத்துகிட்டு எறங்கி வளையத்த கண்டுபுடிச்சா பை வாய் தெறந்து கெடக்கு, பந்து இல்ல. மேல ஸ்டேஷன் மாஸ்டர் கத்துறாரு, பாசஞ்சர்லருந்து நாலு பேரு எறங்கி வந்து டார்ச் அடிக்கிறாங்க, இவரு இடுப்பளவு தண்ணியில சேத்த கால்லயே துழாவி துழாவி, கடைசில கால் கட்டவெரல்ல தட்டிட்டு. சொல்லும்போதே செருப்ப கழட்டிட்டு அந்த வெரல மடக்கி காட்டுனாரு, பக்கத்துல நின்ன வேற குடும்பம், அங்க வேல பாக்குற தம்பி, எல்லாரும் சுத்தி நின்னு குனிஞ்சு பெரியப்பா காலையே பாக்குறாங்க.

வெளிய பழைய எஞ்சின் நிக்குது, பசங்களுக்கு குட்டி ரயிலும் உண்டு, பொண்ணு ரெண்டு தடவ போனா. நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே பட்டறைய 1928ல திருச்சி பொன்மலைக்கு மாத்துனதுலதான் நாகப்பட்டினமே களையிழந்துட்டுன்னு பெரியப்பாவுக்கு ஒரு தனி கோவம் உண்டு, அத சாப்பாட்டோட சேத்து மரத்தடியில கேட்டோம்.

வாரத்துல லீவு நாள் எதுன்னு பாத்துட்டு கெளம்புங்க. வெயிலுக்கு முன்னாடி போயிடறது நல்லது, எஞ்சின் இரும்பெல்லாம் கொதிக்கும், பசங்க ஏறாம இருக்காது. பொழுது மிச்சம் இருந்தா திரும்பும்போது கல்லணையில எறங்கிட்டு தஞ்சாவூர் வந்துடலாம், நாங்க அப்படித்தான் வந்தோம்.

நீடாமங்கலம் வரும்போது ராத்திரி எட்டு மணி, அதிசயமா கேட்டு தெறந்து கெடந்துச்சு. நான் கியர மாத்துறேன், பெரியப்பா "ஓரங்கட்டுடா, டீ குடிச்சிட்டு போவோம், புள்ளைக்கு கப்ளிங் காட்டணும், இப்ப கூட்ஸ் வரும்"னாரு.