வாசகர் கேள்வி: க்விஸ் லீக்கில் சேரலாமா?

கேள்வி: வேலை மாற்றலில் லிவர்பூல் வந்திருக்கிறேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் தன்னுடைய பப் க்விஸ் லீக் டீமில் ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்கிறார். அது எப்படி நடக்கும்? பதில் தெரியாமல் அசடு வழிவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போங்கள். லிவர்பூல் இருக்கும் மெர்சிசைடு பக்கம் 1959-லேயே லீக் ஆரம்பித்துவிட்டார்கள், இன்றுவரை விடவில்லை. கால்பந்து லீக் மாதிரியேதான்: டிவிஷன்கள், பாயின்ட் டேபிள், ஒரு வாரம் உங்கள் பப்பில், அடுத்த முறை அவர்கள் பப்பில், சீசன் முடிவில் மேல் டிவிஷனுக்கு ஏறுவதும் கீழே இறங்குவதும். பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை ஓடும். பரிசு பெரிதாக ஒன்றும் இருக்காது, ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பரவலான முறையில் டீமுக்கு நாலு பேர், எட்டுச் சுற்று, சுற்றுக்கு எட்டுக் கேள்வி. ஒவ்வொரு சுற்றிலும் உங்களுக்கென்று ஒரு கேள்வி வரும். யாரையும் கேட்காமல் நீங்களே சரியாகச் சொன்னால் 2 பாயின்ட், டீமோடு கலந்து பேசிச் சொன்னால் 1, தப்பாகிவிட்டால் கேள்வி எதிரணிக்குப் போகும், அவர்கள் சொன்னால் அவர்களுக்கு 1. சுவாரஸ்யமே இங்கேதான். விடை நாக்கு நுனியில் நிற்கிறது, ஆனால் நிச்சயமில்லை. துணிந்து சொல்வதா, பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பதா? நாலு பேர் டீமில் ஒரே ஒரு மேதாவியை வைத்துக்கொண்டு இதில் ஜெயிக்க முடியாது, அவருக்கும் எட்டுக் கேள்விதான். பழைய தமிழ்ப் படங்களும் கிரிக்கெட்டும் மட்டும் தெரிந்தவர் என்றாலும் உங்கள் முறை வந்தே தீரும், அப்போது தெரியாவிட்டால் கலந்து பேசலாம், அசடு வழிய ஒன்றுமில்லை.

கேள்வி: கேள்விகளை யார் தயாரிக்கிறார்கள்?

பதில்: பல லீக்குகளில் டீம்களே, முறை வைத்து. அந்த வாரம் அவர்கள் ஆடமாட்டார்கள், மற்ற எல்லா ஆட்டத்துக்கும் அதே கேள்வித்தாள்தான். கேள்விகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும், ஒன்று இந்த டீமுக்கு, அடுத்தது அந்த டீமுக்கு. இரண்டும் ஒரே கடினத்தில் அமைவதுதான் பெரும்பாடு. ஒருவருக்கு ஜப்பான் தலைநகர், அடுத்தவருக்கு புர்கினா ஃபாசோ தலைநகர் என்று போட்டால் (அது வாகடூகு) அன்றைக்கு யார் தோற்றாலும் திட்டு விழுவது கேள்வி எழுதியவருக்குத்தான். ஆட்டம் முடிந்ததும் அந்தப் புலம்பலை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு டீமும் சேர்ந்து நடத்தும். எனக்கென்னவோ அதற்காகத்தான் பாதிப்பேர் வருகிறார்கள் என்று தோன்றுகிறது.

கேள்வி: சென்னையிலோ பெங்களூருவிலோ இப்படி இல்லையா?

பதில்: நம்ம பக்கம் வழி வேறு. 1967-ல் கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய ஓபன் க்விஸிலிருந்து (யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்) வளர்ந்த மரபு இது. பெங்களூருவில் 1983-ல் கர்நாடக க்விஸ் அசோசியேஷன் வந்தது, சென்னையில் க்விஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. முதலில் எல்லோருக்கும் எழுத்துச் சுற்று, அதில் தேறிய ஆறு அல்லது எட்டு டீம் மேடைக்கு, பிறகு ஒரு டீமுக்குத் தெரியாத கேள்வி அடுத்த டீமுக்குத் தாவிக்கொண்டே போகும். கேள்விகளின் தரம் என்று பார்த்தால் நம்ம ஆட்கள் கெட்டிக்காரர்கள். பதிலை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கேள்விக்குள்ளேயே துப்பு வைத்து யோசிக்க விடுவார்கள். ஆனால் எழுத்துச் சுற்றில் விழுந்தவர் மீதி நேரம் பார்வையாளர்தான். லீக்கில் கடைசி டிவிஷனில் கடைசி டீமாக இருந்தாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு.

கேள்வி: நான் குடிப்பதில்லை. பப்பில் சங்கடமாக இருக்காதா?

பதில்: ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காருங்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். போனை மட்டும் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அதற்குத்தான் முறைப்பார்கள்.