சின்ன ஓடிஜியில் கேக் மேலே கருகினால்

வணக்கம் தோழி. சின்ன ஃபிளாட்டுக்கு மாறியபின் 20 லிட்டர் ஓடிஜியில் (மின்சார ஓவனில்) 8 அங்குல டின்னில் வைக்கும் 4 முட்டை கேக் மேலே கருகுகிறது, நடுவில் மாவாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. சின்ன ஓவனில் மேலே சூடாகும் கம்பி கேக்குக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கேக் உப்ப உப்ப இன்னும் நெருங்கிவிடும்.

டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். சூட்டை 180 டிகிரியிலிருந்து 160-க்குக் குறையுங்கள், நேரம் கூடினால் பரவாயில்லை. மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் லேசாக மூடிவிடுங்கள்.

அந்த 8 அங்குல டின்னையும் மாற்றிவிடுங்கள். சுற்றிலும் சூடு ஓட இடம் வேண்டும், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 6 அங்குல டின்னின் பரப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். 4 முட்டை அளவை 2 ஆக்கினால் சரியாக வரும்.

அப்புறம், ஓடிஜியையும் மிக்சியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள்.