கிரீமை நிறுத்தினால் முகம் கொதிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 26 வயது. கடற்கரை வெயிலிலும் உப்புக்காற்றிலும் முகம் கறுத்துப்போகிறது என்று, உறவினர் ஒருவர் சொன்ன கிரீமை மருந்துக்கடையில் வாங்கிச் சில மாதங்கள் பூசினேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் பொடிப்பொடியாகச் சிவந்த பருக்கள் வந்தன. அவற்றைப் போக்க வைட்டமின் சி சீரம், பழ அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ், ஸ்கிரப் என ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்போது தண்ணீர் பட்டாலே எரிகிறது. பழைய கிரீமை நிறுத்தினால் முகம் கொதிக்கிறது, மறுபடி பூசினால் அடங்குகிறது. அதைத் தொடரலாமா?
வாசகி, தொண்டி

பதில்: தொடரக் கூடாது, சகோதரி. பூசினால் அடங்குவதும் நிறுத்தினால் கொதிப்பதும்தான், நீங்கள் எழுதியவற்றில் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அந்தக் கிரீமில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் ஆகிய பெயர்களில் ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படைக்கும் அரிப்புக்கும் வாங்கும் கூட்டுக் கிரீம்கள் பலவற்றிலும் இவை உண்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கிய பிறகும், அவை கேட்டவுடன் கைக்கு வந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஸ்டீராய்டு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்குவதால் முதலில் முகம் வெளுத்துத் தெளிந்ததுபோல் தோன்றும். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, மெல்லிய சிவப்பு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். சிலருக்கு முகத்தில் முடியும் வளரும். நிறுத்தியவுடன் சுருங்கியிருந்த குழாய்கள் விரிவதால் சிவப்பும் எரிச்சலும் பொங்குகின்றன. அது மருந்தை விட்டதன் விளைவே தவிர, அந்தக் கிரீம் உங்கள் முகத்துக்கு ஏற்றது என்பதற்குச் சான்று அன்று.

உதட்டை ஒட்டிய மெல்லிய கோடு மட்டும் தெளிவாக இருந்து, அதற்கு வெளியே பருக்கள் இருந்தால், இது வாயைச் சுற்றி வரும் தோலழற்சியாக இருக்க வாய்ப்பு மிகுதி. இளம் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. இதை முகப்பரு என்று எண்ணி அமிலமும் ஸ்கிரப்பும் சேர்ப்பது, பனையோலைக் கூரையில் ஒழுகும் இடத்திலேயே ஓலையை உருவுவதைப் போன்றது. தோலின் மேலடுக்கு நீரைத் தேக்கி வைக்கும் திறனை இழந்துவிடுகிறது. நம் கரையோர ஊர்களின் உப்பேறிய போர்த் தண்ணீரும் காரம் மிகுந்த சோப்பும் சேர்ந்தால் வறட்சி இன்னும் கூடும்.

ஆகவே சீரம், ஸ்கிரப், ஃபேஸ்வாஷ், வெளுப்பு கிரீம், எலுமிச்சை, முல்தானி மட்டி என எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குடிப்பதற்குப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் இருவேளை முகம் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தோல் இழுத்துப் பிடித்தால் மட்டும் வாசனையற்ற, எண்ணெய்ப் பசை குறைந்த மாய்ஸ்சரைசரை மெலிதாகத் தடவலாம். பல் துலக்கியபின் வாயோரத்தில் பற்பசை தங்காமல் கழுவுங்கள். சில வாரங்களுக்கு வெயிலைத் தடுக்கக் குடையும் முந்தானையும் போதும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களும் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் தோல் கறுப்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அதை நோயாக எண்ணி மருந்திட வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரங்களில் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியலாம். அந்த நாட்களில்தான் பலர் பழைய டியூபைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். ஆகவே, நிறுத்தும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். வீரியம் மிக்க ஸ்டீராய்டை நீண்டகாலம் பூசியிருந்தால் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே செல்லலாம். தேவையானால் மெட்ரோனிடசோல் அல்லது அசெலாயிக் அமிலப் பூச்சு தருவார். பரவல் அதிகமென்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை சில வாரங்களுக்குத் தருவதுண்டு. கர்ப்பமாக இருந்தாலும் பாலூட்டினாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழுமையாகத் தெளிய மாதங்கள் ஆகலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றையும், காலியான டியூப்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.